ஆர்க்கத்திலிருந்து தம்போய் வரை

எங்கள் கூரை மேலிருந்த ஏரியல் தெற்குப் பார்த்து நின்றது. ஜொகூர் பாருவில் அப்போது நிறைய வீடுகளில் அப்படித்தான். நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். அந்த ஊர்ப் படம் கேட்காமலே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். ராத்திரி காற்றடித்து மறுநாள் திரை புள்ளிபுள்ளியாகப் பொரிந்தால் அப்பா ஏணி போட்டு ஏறுவார். அண்ணன் வாசலில் நிற்பான், நான் டிவிக்கு முன்னால். மேலிருந்து "தெரியுதா?" என்று குரல் வரும். "தெரியுது, தெரியுது" என்று நான் கத்துவேன். அதை அண்ணன் திருப்பிக் கத்துவதற்குள் படம் மறுபடி போய்விடும். அந்த ரகளையெல்லாம் ஓய்ந்து உட்கார்ந்து பார்த்த கார்ட்டூன்களில்தான் ஆர்க்கம் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

பேட்மேன் கார்ட்டூன் அது. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய தொடர், எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. அதில் வரும் இருட்டு வேறு மாதிரி. மற்ற கார்ட்டூன்களில் இரவு என்றால் பகலுக்கு மேல் நீலம் பூசியிருப்பார்கள், அவ்வளவுதான். இதில் நிஜமான கறுப்பு. ஒரு கட்டடத்தின் விளிம்பு, ஒரு ஜன்னலின் மஞ்சள், ஒரு தெருவிளக்கு மட்டும் தெரியும். மற்றதை நாமே பயந்துகொள்ள வேண்டியதுதான். ஸ்டோரிபோர்டு வரைவது என் பிழைப்பான பிறகு அதன் காரணம் தெரிந்தது. அந்தத் தொடரின் பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரையவில்லை. கறுப்புத் தாளில் வெளிர் வண்ணங்களை வைத்து வரைந்திருக்கிறார்கள். இருட்டு முதலிலேயே அங்கே இருக்கிறது. வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் ஓவியர் முடிவு செய்கிறார்.

ஆர்க்கம் என்பது பேட்மேன் ஊரின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. ஜோக்கர் முதலானவர்களைப் பிடித்து அங்கேதான் அடைப்பார்கள். ஓர் அத்தியாயத்தில் பேட்மேனையே அடைத்துவிட்டார்கள். கைகள் இரண்டையும் உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஊர்த் தண்ணீரில் பயத்தை உண்டாக்கும் விஷத்தைக் கலக்கப் போகிறான் ஒருவன். அது பேட்மேனுக்குத் தெரியும். ஆனால் அதே விஷம் அவன் உடம்பிலும் ஏறியிருக்கிறது. எதிரே உட்கார்ந்த டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. அந்த டாக்டர் கெட்டவரில்லை. கோபப்படக்கூட இல்லை. ஜோக்கரின் சிரிப்பைவிட அந்த அமைதிதான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

எனக்கு ஆர்க்கம் தூரத்து ஊர் இல்லை. எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் தம்போய். 1930களிலேயே கட்டிய மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லி மிரட்டுவார்கள், பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானைச் சொல்லி மிரட்டுவார்கள், எங்கள் பக்கம் தம்போய். "ரொம்ப ஆடுனே, தம்போய்ல கொண்டுபோய் விட்ருவேன்" என்பது எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் சொன்னது. பஸ் அந்தப் பக்கம் போகும்போது அண்ணன் என் கண்ணைப் பொத்துவான். வேலியையும் மரங்களையும் தவிர வேறெதுவும் அங்கிருந்து தெரியாது. இருந்தாலும் பொத்துவான்.

1998இல் மலேசிய அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் 'கெலுவாங் மேன்' வந்தது. காம்ன் இஸ்மாயில் உருவாக்கிய மலேசியக் கார்ட்டூன் தொடர். கெலுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். பக்கத்து வீட்டு ரம்புத்தான் பழுக்கும்போது சாயங்காலம் வானத்தில் வரிசையாகப் போகுமே, அதுதான். பேட்மேனைக் கிண்டலடிக்க வந்தவன் கெலுவாங் மேன் என்பது எங்களுக்கே தெரிந்தது. தலைதெறிக்க ஓடுவான், இடறி விழுவான், சிரிக்க வைப்பான். ஆனால் அவன் யார் என்பதுதான் விஷயம். பேட்மேன் பெரிய பணக்காரன், மாளிகையில் வாழ்பவன். கெலுவாங் மேனாக மாறும் போர்ஹான், தம்போய் மனநல மருத்துவமனையில் இருக்கும் நோயாளி. இரவானால் வார்டிலிருந்து நழுவி வந்து, முகமூடி போட்டுக்கொண்டு கெட்டவர்களைப் பிடித்துவிட்டு, விடிவதற்குள் கட்டிலுக்குத் திரும்பிவிடுவான்.

எங்கள் தெருவுக்கே அது ஒரு புரட்சி மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பஸ் தம்போயைத் தாண்டும்போது பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். அண்ணன் கண்ணைப் பொத்துவதை விட்டுவிட்டான். வேலிக்குள் யாராவது நடந்தால் "அவராத்தான் இருக்கும்" என்று அடித்துப் பேசுவோம். பிள்ளைகளைப் பயமுறுத்தப் பெரியவர்கள் வைத்திருந்த ஓர் இடத்தை ஒரு கார்ட்டூன் அவர்கள் கையிலிருந்து பிடுங்கி எங்களிடம் கொடுத்துவிட்டது. அந்தத் தொடர் செய்த நன்மைகளில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

பாட்டி கார்ட்டூன் பார்க்க மாட்டார். குளுவாங் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கேயே பிறந்து, அங்கேயே ஐந்து பிள்ளைகளைப் பெற்று, தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியபோது எங்களோடு வந்துவிட்டார். அவருடைய பேய்க்கதைகளுக்குத் தனி நேரம் உண்டு. கரண்ட் போக வேண்டும், அல்லது மழை பிடிக்க வேண்டும். கதையில் எப்போதும் முனியாண்டிதான். தோட்டத்து எல்லையில் ஒரு மரம், அதன் அடியில் செங்கல் மேடை, சூலம். இருட்டோடு மரம் வெட்டப் போகிறவர்கள் அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மரத்தடியில் அசிங்கம் பண்ணியவனை அடிப்பார். மூன்று நாள் காய்ச்சல், வாய் கோணும். பிறகு வீட்டார் சுருட்டும் சாராயமும் வைத்து, சேவல் அறுத்து, "தெரியாம பண்ணிட்டான் சாமி" என்று விழுந்து எழுந்தால் சரியாகிவிடும். எந்தக் கதையானாலும் முடிவில் சரியாகிவிடும். பாட்டியின் பேய்களுக்கு நம் பெயர் தெரியும், நம் குற்றம் என்னவென்று தெரியும், அதற்கு என்ன விலை என்றும் தெரியும்.

விலையே இல்லாத பயம் ஒன்றும் பாட்டியிடம் இருந்தது. அதை அவர் கதையாகச் சொன்னதே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அண்ணனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிய காலம். பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலேயே போய்விட்டார்கள். பாட்டியின் அண்ணனும் திரும்பவில்லை. யாரும் வந்து சொல்லவில்லை, கடிதமும் இல்லை. என்ன படையல் வைத்து யாரிடம் கேட்பது? அது முனியாண்டி விவகாரம் இல்லை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். தம்போய் மருத்துவமனைக்கும் போர்க்காலத்தில் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூரில் இருந்து இயங்கிய 'ஓகா 9420' என்ற ஜப்பானிய ராணுவப் பிரிவு, கொள்ளைநோயை ஆயுதமாக்குவதற்காகத் தம்போயிலும் ஆய்வுக்கூடம் வைத்து எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் வளர்த்தது. சிங்கப்பூர்க் கூடத்தில் வேலை பார்த்த உள்ளூர்ப் பையன்களில் ஒருவர் ஓத்மான் வோக். பின்னாளில் சிங்கப்பூரில் அமைச்சரானார். 1991இல் அந்தக் கூடத்தைப் பற்றி அவர் வெளியே சொன்னார். அவர் இன்னொரு காரியமும் செய்தார்: மலாயில் நிறையப் பேய்க்கதை எழுதினார். பையனாக இருக்கும்போது எலிகளின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சி பொறுக்கிய கை, பெரியவனானதும் பேய்க்கதை எழுதியிருக்கிறது. அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் தோன்றவில்லை.

மாமாவுக்கு நோய் வந்தது 'கெலுவாங் மேன்' ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான். அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டியதும் திரும்பி வருபவர். முதலில் தூக்கம் குறைந்தது. பிறகு, பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது கீழே தண்ணீரிலிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொன்னார். "என் பேரைச் சொல்லிக் கூப்புட்றாங்கக்கா. குரல் நல்லா இருக்கு." குரல் நல்லா இருக்கு என்று அவர் சொன்னதுதான் அம்மாவை உலுக்கியது. வழக்கம்போல எல்லாம் நடந்தது. கோயிலில் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், குளுவாங் தோட்டத்துக்கே கூட்டிப்போய் முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார்கள். அந்தக் குரலுக்குச் சேவல் வேண்டியிருக்கவில்லை. கடைசியில் தம்போய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார்கள். வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி உடுப்பு அவருக்குப் பெரிதாக இருந்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்ததை அம்மா பேசிக்கொண்டே எடுத்து விட்டார். மாமாவின் கை மருந்தால் லேசாக நடுங்கியது. அம்மா கொண்டுபோன பசியாறலைப் பிரித்து, வடையில் பாதியைப் பிட்டு முதலில் எனக்குக் கொடுத்தார். அம்மா நர்ஸிடம் பேச எழுந்து போனதும் நான் கேட்டேன்.

"மாமா, நீங்கதான் கெலுவாங் மேனா?"

அவர் சிரிக்கவில்லை. இடமும் வலமும் பார்த்தார். "மெதுவாக் கேளு பாப்பா. இங்க யாருக்கும் தெரியாது."

"ராத்திரி எங்க போவீங்க?"

"லார்க்கின் பஸ் ஸ்டேசன் வரைக்கும்தான். அதுக்கு மேல மருந்து விடாது, தூக்கம் வந்துரும்."

அந்தக் கணத்தில் மாமா எனக்குத் திரும்பக் கிடைத்தார். நோய் அவரை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தாலும், ஒரு பிள்ளை நீட்டிய விளையாட்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அவர் இங்கேயே இருந்தார். சில மாதங்களில் வீட்டுக்கு வந்தார். மாத்திரை தொடர்ந்தது. கப்பல் பட்டறைக்குப் போகவில்லை. தாமான் கடையொன்றில் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் வீட்டிலிருந்த அந்தப் பள்ளி விடுமுறையில்தான் அண்ணன் 'டிஜிமோன்' விசிடிக்களை வாடகைக்கு எடுத்து வந்தான். ஜப்பானிய ஒலி, அடியில் மலாயில் எழுத்து. இரண்டாம் தொடர் அது, 2000இல் ஜப்பானில் ஒளிபரப்பானது. பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையான டிஜிமோன்களும் சேர்ந்து சண்டை போடுவது, வெல்வது, உருமாறுவது என்று குதூகலமாகப் போய்க்கொண்டிருந்த தொடர், 13ஆம் அத்தியாயத்தில் திடீரென்று நிறம் மாறியது. ஹிகாரி என்ற பெண்பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அலைச்சத்தம் கேட்கிறது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை. அவள் உடம்பு மங்கி, தெரிந்து, மங்கி, காணாமல் போகிறது. கண் திறந்தால் ஒரு கடற்கரை. மணல் சாம்பல், வானம் சாம்பல், கடல் கறுப்பு. ஒரு கலங்கரை விளக்கம், அது வீசுவது வெளிச்சமா இருட்டா என்று சொல்ல முடியாது. தண்ணீரிலிருந்து நிழல் போன்ற உருவங்கள் ஏறி வந்து, காப்பாற்று என்று அவளைக் கெஞ்சுகின்றன. பிறகு தெரிகிறது, அவற்றுக்கு வேண்டியது அவளேதான்: கடலடியில் இருக்கும் ஒன்றை எதிர்க்க, தங்கள் இனம் பெருக, மணப்பெண்ணாக அவள் வேண்டும்.

எங்களுக்கு மூச்சு நின்றது. ஜொகூர்க் கடலை நாங்கள் அறிவோம். லிடோ கடற்கரையில் நீர் வற்றிய நாளில், மழைமேகத்துக்குக் கீழே, அது கிட்டத்தட்ட அந்த நிறம்தான். மாமா பின்னால் பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஹிகாரி தன் சிநேகிதனிடம் சத்தம் கேட்பதைச் சொல்கிறாள், அவன் எரிந்து விழுகிறான். அப்போது மாமா சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு நெஜமாவே கேக்குது. பொய் சொல்லல அவ." யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிநேகிதன் தக்கேரு, அவளைத் தேடி அந்தக் கரைக்கே வந்துவிட்டான். மாமா தலையை ஆட்டிக்கொண்டார். "வந்துட்டான் பாரு."

சமையல்கட்டில் இருந்த பாட்டி அப்போதுதான் கதவருகே வந்தார். "ஜப்பான்காரன் பேச்சா அது?" என்றார். ஆமாம் பாட்டி, கார்ட்டூன் என்றோம். திரையில் அந்தச் சாம்பல் கடலைச் சிறிது நேரம் பார்த்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அவர் வீட்டில் இருக்கும்போது சத்தமில்லாமல் எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு பார்த்தோம். அதனால் பாதி அத்தியாயங்கள் எனக்கு மௌனப் படங்களாகத்தான் நினைவில் இருக்கின்றன.

அந்தக் கடல் எங்கிருந்து வந்தது என்பது கல்லூரி நாட்களில் தெரிந்தது. சிங்கப்பூரில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடை ஒன்றில் எச்.பி. லவ்கிராஃப்ட் கதைத் தொகுப்பு கிடைத்தது. வாங்கியதற்குக் காரணம், புரட்டிய பக்கத்தில் ஆர்க்கம் என்ற பெயர். பேட்மேன்காரர்கள் உண்டாக்கிய பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தது, இவர் 1920களிலேயே தன் கதைகளுக்காகக் கற்பனையில் கட்டிய ஊர். அவர் இறந்த பிறகு, 1939இல், அவருடைய எழுத்தைப் புத்தகமாக்கவே நண்பர்கள் இருவர் ஒரு பதிப்பகம் தொடங்கி, அதற்கு ஆர்க்கம் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் டென்னிஸ் ஓநீல் அந்தப் பெயரை எடுத்துப் பேட்மேன் காமிக்ஸில் மனநல மருத்துவமனைக்கு வைத்தார். காமிக்ஸிலிருந்து கார்ட்டூனுக்கு, கார்ட்டூனிலிருந்து எங்கள் கூரைக்கு. பேட்மேனைப் பார்த்துப் பிறந்த கெலுவாங் மேன் தம்போயில் குடியேறியதும் அந்தப் பாதையின் கடைசிக் கிளைதான்.

அன்று ராத்திரியே 'இன்ஸ்மத்' கதையைப் படித்தேன். 1936இல் வெளிவந்த நீண்ட கதை. பாழடைந்த ஒரு கடலோர ஊர், அங்கே கடலடி இனத்தோடு மணவுறவு கொண்ட மனிதர்கள், அவர்களுடைய பிள்ளைகள் வயதாக வயதாக மீன்சாயல் பெற்றுக் கடலுக்குள் போய்விடுகிறார்கள். ஹிகாரியின் கரை அதுதான், சந்தேகமேயில்லை. கதைசொல்லி அந்த ஊரிலிருந்து உயிர் தப்பி ஓடுகிறான். பிறகு தன் ரத்தத்திலேயே அந்த இனம் இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். முடிவில், பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருக்கும் தன் உறவுக்காரப் பையனை அங்கிருந்து வெளியே கொண்டுவந்து, இருவருமாகக் கடலுக்குப் போகத் திட்டம் போடுகிறான். லவ்கிராஃப்டுக்கு அது உச்சகட்டத் திகில். எனக்கு வேறு மாதிரி இருந்தது. அடைபட்டவனைக் கூட்டிப்போக ஒருவன் வருகிறான். அதைப் படித்தபோது தம்போய் பெஞ்சில் என் அம்மா சரிசெய்த சட்டைக் காலர்தான் ஞாபகம் வந்தது.

லவ்கிராஃப்டுக்கு மூன்று வயதாகும் முன்பே, 1893இல், அவருடைய அப்பாவை பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மருத்துவமனையில் மனநோயாளியாகச் சேர்த்தார்கள். ஐந்து வருடம் கழித்து அங்கேயே இறந்தார். 1919இல் அம்மாவும் அதே மருத்துவமனைக்குப் போனார், 1921இல் அவரும் அங்கேயே இறந்தார். மகன் 1937இல் 46 வயதில், ஏழையாக, பெரிதாக யாரும் அறியாமல் போனார். பிரபஞ்சம் எல்லையற்றது, நம்மை அது கண்டுகொள்வதில்லை, அதன் உண்மையைக் கண்டவனுக்குப் புத்தி பேதலிக்கும் என்று அவர் மறுபடி மறுபடி எழுதியதன் அடியில், அந்த மருத்துவமனைக் கதவுக்கு வெளியே நின்ற ஒரு பிள்ளை இருப்பதாக எனக்குப் படுகிறது. முனியாண்டிக்குப் படையல் உண்டு. லவ்கிராஃப்டின் கடலடித் தெய்வமான குதூலுவுக்கு எதைப் படைத்தாலும் பயனில்லை, நாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பிரபஞ்சத் திகில் என்று ஆங்கிலத்தில் தனி வகையாகப் பேசப்படுவது இதைத்தான். என் பாட்டி அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. சயாம் ரயில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

ஜப்பானில் லவ்கிராஃப்டின் எழுத்துக்கு ஆழமான வேர் உண்டு. ஷிகேரு மிசுக்கி 1960களில் லவ்கிராஃப்டின் ஒரு கதையை ஜப்பானிய மங்காவாக மாற்றி வரைந்தார். போரில் ராணுவச் சிப்பாயாகப் போய், குண்டுவீச்சில் இடக்கையை இழந்து திரும்பியவர் அவர். அவருடைய பேய்ச் சிறுவன் கித்தாரோ 1968இல் தொலைக்காட்சி கார்ட்டூன் ஆனான். அதைத் தயாரித்த தோயே நிறுவனம்தான் பிற்காலத்தில் டிஜிமோனையும் தயாரித்தது. எங்கள் 13ஆம் அத்தியாயத்தை எழுதியவர் சியாக்கி கொனாக்கா. 1992இலேயே 'இன்ஸ்மத்' கதையை ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகமாக எழுதியவர். லவ்கிராஃப்டில் ஊறிய அப்படி ஒருவரிடம் பிள்ளைகள் தொடரின் ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தால் கறுப்புக் கடல்தானே வரும்.

கொனாக்காவுக்கு அடுத்த வருடம் முழுத் தொடரே கிடைத்தது. 2001இல் தொடங்கிய 'டிஜிமோன் டேமர்ஸ்', 51 அத்தியாயம். அதில் அரசாங்கத்தின் ரகசியக் கண்காணிப்பு அமைப்புக்கு ஹிப்னோஸ் என்று பெயர், லவ்கிராஃப்டின் சிறுகதை ஒன்றின் தலைப்பு. அவர்கள் ஏவும் கணினி நிரல்களுக்கும் அந்தக் கதையுலகத்துப் பெயர்கள்தான். ஆனால் பெயர்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கடைசியில் வரும் டி-ரீப்பர். அதிகமாகிப்போன தரவுகளை அழிக்க மனிதர்கள் எப்போதோ எழுதிப்போட்ட ஒரு நிரல், தானாக வளர்ந்து, இளஞ்சிவப்பு நுரையாகப் பொங்கி, தோக்கியோவின் ஷின்ஜுக்குவை மூடுகிறது. அதற்கு யார் மேலும் கோபம் இல்லை. அழிப்பது அதன் வேலை. அதற்குள் ஜூரி என்ற பெண்பிள்ளை சிக்கியிருக்கிறாள். தன் டிஜிமோன் கண் முன்னே செத்ததிலிருந்து அவள் பேசாமல் போய்விட்டாள். அந்தத் துக்கத்தைத்தான் டி-ரீப்பர் தின்று வளர்கிறது. பல அத்தியாயங்கள், வாரக்கணக்கில், ஒரு பிள்ளையின் மனம் இருண்டு கிடப்பதைப் பிள்ளைகளுக்கான தொடரொன்று அவசரப்படாமல் காட்டியது. அவளைத் திட்டித் திருத்த யாரும் முயலவில்லை. நண்பர்கள் நுரைக்குள் இறங்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவளுடைய டிஜிமோனைக் கொன்றவனே வந்து அந்தக் கூண்டை உடைக்கப் பார்க்கிறான்.

மேற்கிலும் இந்தக் கடன்வாங்கல் நிறைய. 'ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்' கார்ட்டூன் 1987இலேயே குதூலுவை நியூயார்க்கின் கோனி ஐலண்டுக்கு வரவழைத்தது. 2010இல் தொடங்கிய ஸ்கூபி-டூ தொடரொன்றில் எச்.பி. ஹேட்கிராஃப்ட் என்று ஓர் எழுத்தாளர் வருவார், ஊருக்கடியில் ஒரு பழம்பெரும் தீமை உறங்கும். 'கிராவிட்டி ஃபால்ஸ்', 'அட்வெஞ்சர் டைம்' இரண்டிலும் அதே சாயல் உண்டு. நான் அவற்றை விரும்பிப் பார்த்தேன், ஆனால் கொனாக்காவின் பிள்ளைகளிடம் இருந்த கனம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

லவ்கிராஃப்டை நேசிப்பதில் ஒரு முள் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அவர் கடைந்தெடுத்த இனவெறியர். அவர் கதைகளில் கெட்ட தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற நிறத்தவர்கள், கலப்பினத்தவர்கள், துறைமுகத்தில் கூலி வேலை செய்பவர்கள். இன்ஸ்மத்தின் மீன்முகத்துக்குப் பின்னால் கலப்பு மணத்தைப் பற்றிய அருவருப்பு இருக்கிறது. எங்கள் தெருவில் மலாய்க்காரர், சீனர், தமிழர், ஜாவாக்காரர், இவர்களுக்குள் கலந்து பிறந்தவர்கள் எல்லாரும் இருந்தோம். அவர் கண்ணில் எங்கள் தெருவே இன்ஸ்மத்தாகத்தான் தெரிந்திருக்கும்.

1928இல் வெளிவந்த அவருடைய குதூலு கதையின் கடைசிப் பகுதியில் ஓர் இடம். ஜொஹான்சன் என்ற நார்வே மாலுமி, கடலிலிருந்து எழுந்த குதூலுவை நேரில் கண்டு உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர், துறைமுகச் சந்தில் நடந்துபோகிறார். மாடி ஜன்னலிலிருந்து ஒரு காகிதக்கட்டு விழுந்து அவரைச் சாய்க்கிறது. லஸ்கர் மாலுமிகள் இருவர் உடனே ஓடிவந்து அவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் இறந்துவிடுகிறார். லஸ்கர் என்றால் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்தியப் பக்கத்து மாலுமிகள். கதையின் போக்கில் அந்த இருவர் மேல் ஒரு சந்தேகம் விழும்படி லவ்கிராஃப்ட் விட்டுவைக்கிறார். பெயரில்லை, வசனமில்லை. ஆனால் வரியில் அவர்கள் செய்தது என்னவோ விழுந்தவரைத் தூக்கியது மட்டும்தான். பயப்பட வேண்டியவன் என்று ஒதுக்கியவனே வந்து கைகொடுப்பதைக் கெலுவாங் மேனில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த இருவரைச் சந்தேகப்பட எனக்கு வரவே இல்லை.

இப்போது அவர்களை வைத்து ஒரு குறுங்கார்ட்டூன் வரைகிறேன். வேலை முடிந்த ராத்திரிகளில், கொஞ்சம் கொஞ்சமாக. இருவரில் இளையவன் தமிழ் பேசுகிறான். ஜொஹான்சனைத் தூக்கும்போது அவன் முதலில் என்ன சொல்வான் என்று எனக்கு ஓடவில்லை. 'பயப்படாதீங்க' என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். மாமாவிடம் கேட்டேன். இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது, மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறார். வரைந்த தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டு, "பேர் என்னன்னு கேக்கச் சொல்லு பாப்பா. அந்த நேரத்துல அது போதும்" என்றார். அந்த வசனத்தை அப்படியே வைத்துவிட்டேன். ஜொஹான்சன் தன் பெயரைச் சொல்லி முடிக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. கதையை மாற்றலாமா கூடாதா என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.